இரண்டு கண்ணுக்கு மட்டும்

சொன்னால் சிரிப்பார்கள். போய்க் கண் டாக்டரைப் பார் என்பார்கள். பேசாமல் வேலையைப் பார்...

அன்று மத்தியானம் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நாட்டின் வரைபடங்களைத் தயாரிக்கும் அலுவலகம் எங்களுடையது. பீரங்கி எந்த வழியாகப் போகும் என்று பார்க்க ராணுவம் தொடங்கிய அலுவலகம் அது. பள்ளிக்கூடச் சுவருக்குப் படம் கொடுத்ததெல்லாம் பிறகுதான். பிறவிக் குணம் போகவில்லை. பீரங்கிப் பயிற்சிக்கு ராணுவத்தில் ஒரு மலைச்சரிவைக் கேட்டிருந்தார்கள். அங்கே சில வீடுகள், கூரைமேல் புகை. வரைபடத்தில் வீடு இருந்தால் சுட முடியாது. குடியிருப்பவர்களுக்கு மாற்று நிலம் கொடுக்க யாருக்கும் மனமில்லை. வீடுகளைப் பிளேடால் சுரண்டிவிட்டுத் 'தரிசு' என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி.

விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரட்டைக் கண்ணாடி வழியே பார்ப்போம். இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. சேர்ந்தால் மலை எழுந்து நிற்கும்.

அன்று மலையோடு ஒருத்தியும் எழுந்து நின்றாள்.

முதல் வீட்டு வாசலில். அத்தனை உயரத்திலிருந்து மனிதர்கள் புள்ளிகூட இல்லை. இவளுக்கு முகம் இருந்தது. அண்ணாந்து என்னையே பார்த்தாள். இடக்கண்ணைக் கையால் பொத்தியிருந்தாள்.

இடது படத்தை மட்டும் பார்த்தேன். இல்லை. வலதை மட்டும். இல்லை. இரண்டையும் சேர்த்தால்... இருந்தாள்.

மேலதிகாரியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே. உனக்கென்ன, ஞானக்கண்ணா? சாயங்காலத்துக்குள்ள முடிம்மா."

அவர் போனதும் பிளேடை வரைபடத்தில் முதல் வீட்டின் மைமேல் வைத்தேன்.

சர்ர்ர்...

நான் இன்னும் சுரண்டவில்லை. சத்தம் இரட்டைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த படங்களிலிருந்து வந்தது.

என் இடக்கண் மங்கியது.

பிளேடைத் தூக்கினேன். தெளிந்தது.

வைத்தேன்.

இருட்டு.

படக்கிடங்குக்கு ஓடினேன். அங்கே வேலை பார்க்கும் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்துச் சரிவையும் முன்பு இப்படித்தான் காலி என்று வரைந்தார்களாம். வரைந்தது இதே மேலதிகாரி. வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்ற ஒருத்தி அங்கே இருந்தாளாம். குண்டுச் சிதறல் அவள் இடக்கண்ணில் பாய்ந்து, வாசலிலேயே...

"அந்த வாரத்துலேர்ந்துதான் சாருக்கு இடது கண்ணு தெரியாது. இத்தனை நாளா உனக்குத் தெரியாதா?"

திரும்பி வந்து பிளேடை அவர் மேஜைமேல் வைத்தேன். செய்தது பயமா, நியாயமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"முடிச்சிட்டியா?"

"இல்ல சார். வீடுங்க அங்கேயே இருக்கட்டும்."

"நீ இல்லேன்னா வேற ஆள் செய்வான்." இடக்கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"செய்யட்டும் சார். நான் செய்யல."