உப்புக்கோடும் ஒரு கொடியும்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குத் தொண்டனாகப் போகிறவனுக்குக் கிடைப்பது ஒரு விசில், ஒரு சிவப்புக் கொடி, ஊர் முழுவதின் ஏச்சு. இந்த மூன்றையும் வாங்கிய சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? போன வருடம் கற்பிட்டிப் பக்கம் எங்கள் பாடசாலையில் பெற்றோர் மைதானத்துக்குள் புகுந்ததால், நாலு பேர் கோல் மாற்றி ஓடும் கடைசி அஞ்சலோட்டம் நடக்கவேயில்லை. வலயப் போட்டிக்கு அணியைத் தெரிவு செய்ய முடியாமல் போயிற்று. அன்று அழுத பெண்பிள்ளைகளைப் பார்த்தவன் நான். இம்முறை தலைகீழாக நின்றாவது போட்டியை முடிப்பது என்று பழைய மாணவர்கள் நாலைந்து பேர் முடிவெடுத்தோம்.

வெள்ளைக்கோடு

எங்கள் கடற்கரைக் காற்றில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. போடப் போட மணலோடு பறந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் பைஸல் நானா, உப்பு பாரமானது, பறக்காது என்று இரண்டு மூட்டை கொண்டுவந்தார். முதல்நாள் பின்னேரம் போட்டு முடித்தோம். வெள்ளைவெளேரென்று அப்படி ஓர் அழகு.

காலையில் வந்து பார்த்தால் ஊர்க் கழுதைகள் வரிசையாக நின்று ஓடுபாதையை நக்கிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. பைஸல் நானா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "கழுதைக்குக் கற்பூர வாசம்தான் தெரியாது தம்பி, உப்பு நல்லாத் தெரியும்."

வலைக்கயிறு

கோடு சரிவராது என்று, தோணிக்காரர் ஒருவரிடம் வலைக்கயிறு வாங்கி, பாதையின் இருபுறமும் முளையடித்து இழுத்துக் கட்டினோம். கழுதைகள் தாண்டவில்லை, பெற்றோர் தாண்டினார்கள். இருநூறு மீற்றரில் ரீமா என்ற பிள்ளை ஓட, அவளுடைய உம்மா குடையோடு உள்ளே வந்து பக்கத்திலேயே ஓடினார். கொஞ்சத் தூரத்தில் பிள்ளையை முந்தியும் விட்டார்.

விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடிப் பிடித்தேன். இன்னொருமுறை வந்தால் பிள்ளையின் ஓட்டம் செல்லாது என்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது, வெட்கம் மட்டும் வரவில்லை. "நான் என்ன செய்ய தம்பி, அவ ஓடக்குள்ள என்ட காலும் சேர்ந்து ஓடுது."

கொடி

அஞ்சலோட்டம் மட்டும் மிச்சம். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லுமுன் முடிக்க வேண்டும். சனம் கயிற்றில் சாய, முளைகள் ஆடின. கத்திக் கத்தி எனக்குக் குரலும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் என் கொடியை ரீமாவின் உம்மாவிடமே கொடுத்து, இந்த வளைவு உங்கள் பொறுப்பு என்றேன். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். முன்னால் நின்ற வாப்பாமார் எல்லாரும் பின்வாங்கினார்கள்.

கடைசியாக ஓடியவள் ரீமா. சரியாக அந்த வளைவில், உம்மாவின் கண்முன்னே, தடுக்கி விழுந்தாள். தூக்க ஒரு கை நீண்டால் போதும், ஓட்டம் செல்லாது. உம்மா அசையவில்லை. ரீமா தானாக எழும்பி, முழங்கால் இரத்தத்தோடு ஓடி இரண்டாவதாக வந்தாள். அணியைத் தெரிவு செய்த டீச்சர் அவளையும் வலய அணியில் சேர்த்தார். சந்தோசத்தில் என் கண் கலங்கிவிட்டது. கொடியைத் திருப்பித் தரும்போது உம்மா சொன்னார்: "கையில கொடி இருந்திச்சு தம்பி, இல்லாட்டி தூக்கியிருப்பன்."

சுண்ணாம்பைக் காற்றும் உப்பைக் கழுதையும் கொண்டுபோனாலும் போகட்டும், உள்ளே பாயத் துடிக்கிறவர் கையில் கொடியைக் கொடுத்துவிட்டால் எந்தப் போட்டியும் முடிந்துவிடும்.