ஒரு கட்டிலுக்கு இரண்டு சாட்சிகள்

இந்த ஊர்த் தமிழர்களைப் பற்றி அரசாங்கம் ஒரு கலைக்களஞ்சியம் போடுகிறது என்று நூலகத்தில் ஒட்டியிருந்த தாளில் பார்த்தேன். யாரும் வந்து தகவல் தரலாம் என்று எழுதியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். இருந்தாலும் ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன்.

பதிவுகளை எழுதும் பெண் கலைக்களஞ்சியத்தின் கதையைச் சொன்னார். முதலில் பல தொகுதிகளாக அச்சிடுவதாக இருந்து, பிறகு இணையத்துக்கு மாறியதாம். தலைவர்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், நாளிதழ்கள் எல்லாம் எழுதியாகிவிட்டது. கூலி வேலைக்காரர்கள் எங்கே தூங்கினார்கள் என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்ட பிறகுதான் ‘தங்குமிடங்கள்’ என்ற தலைப்பே சேர்ந்திருக்கிறது.

நான் போனதும் அதற்குத்தான். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில், பன்னிரண்டு கட்டில் போட்ட வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். பகல் வேலைக்காரன் இரவில் படுப்பான், இரவு வேலைக்காரன் பகலில். கப்பல் பட்டறையில் எனக்கு இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கட்டிலின் இன்னொரு ஆள் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார். அவரை நான் பார்த்ததே இல்லை. காலையில் வரும்போது பாய் மட்டும் சூடாக இருக்கும்.

பிறகு ஜோகூர், பாத்தாம், புருணை என்று சுற்றினேன். இருந்த இடங்களில் பாதியை இடித்துவிட்டார்கள். கல்யாணம் செய்யவில்லை. நான் இருந்த ஓர் இடமாவது நாலு வரியாகக் கலைக்களஞ்சியத்தில் வர வேண்டும் என்று நினைத்தேன்.

“எழுத்துல ஆதாரம் இல்லைன்னா அங்க தங்கியிருந்த ரெண்டு பேர் சொல்லணும் அங்கிள், கையெழுத்தோட. அவங்க பேரும் பதிவுல வரும். ஒருத்தர் மட்டும் சொன்னா போட முடியாது லா. மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க,” என்றார் அந்தப் பெண்.

துணிக்கடை இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பழைய முதலாளியின் மகன் நடத்துகிறார்.

“எங்க வாப்பா என்னை மாடிக்கே ஏறவிட மாட்டாங்க அண்ணே. ஆனா உங்க பங்காளி புக்கிட் பாத்தோக்ல இருக்காரே.”

“எனக்கு ஏது பங்காளி?”

“ஒரே கட்டில்ல படுத்தவரு வேற யாரு? இப்ப என்ன, கட்டிலைப் பாகம் பிரிக்கப் போறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே தொலைபேசி எண்ணைத் தந்தார்.

கூப்பிட்டபோது அந்தப் பங்காளி என்னை வீட்டுக்கு அழைக்கவில்லை. தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கி வந்தார். என்னைவிடக் குள்ளம், சுத்தமான சட்டை.

“நீங்கதானா அது? பாயெல்லாம் கிரீஸ் நாத்தம். ராத்திரி பூரா தும்முவேன்.”

“நீங்க தேங்காயெண்ணெய்,” என்றேன். “எங்க திரும்பினாலும் பிசுபிசுன்னு.”

“எந்தப் பக்கம் தலை வெப்பீங்க?”

“சன்னல் பக்கம்.”

“நானும் அப்படித்தான்.”

உடைந்த மூன்றாம் படி, ஒற்றைக் குழாய், அதற்கு நின்ற வரிசை எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். யாரோடும் நான் அவ்வளவு நேரம் பேசிப் பல வருடம் ஆகியிருக்கும்.

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கையெழுத்து வேணாங்க. வந்த நாள்லேருந்து தனி ரூம்ல இருந்தேன்னு பசங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மகன் இதெல்லாம் ஆன்லைன்ல தேடிப் படிக்கிறவன். நாப்பது வருஷத்துப் பொய், இப்ப மாத்த முடியாது.”

நான் வற்புறுத்தவில்லை.

மாதக் கடைசியில், “இன்னொரு ஆள் கிடைச்சாரா அங்கிள்?” என்று அந்தப் பெண் கேட்டார். கிடைத்தார் என்று சொல்லியிருந்தால் இவரே அவரைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார், நல்ல பெண். இல்லை என்றேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, நான் சொன்னதை எழுதியிருந்த பக்கத்தை மூடினார்.

பங்காளியின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. ஒரு நாள் சும்மா கூப்பிட்டுப் பேசலாம் என்று தோன்றும். வீட்டில் வேறு யாராவது எடுத்தால் நான் யார் என்று சொல்வது என்றுதான் தெரியவில்லை.