பட்டியலில் ஆறாவது பெயர்

அந்த ஆராய்ச்சி அலுவலகத்தில் என்னை வேலைக்கு எடுத்தபோது ஆய்வுத் தலைவி மூன்று கேள்விகள்தான் கேட்டார். தமிழ் வருமா, கன்னடம் வருமா, அறிக்கையில் போட ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா. மூன்றுக்கும் சரி என்றேன். இரண்டு வருடமாக வேலையில்லாமல் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தவள் வேறென்ன சொல்வேன்? ஆனால் படம் எடுத்தவர், சூம்பிய இடது காலைத் தாங்கப் போட்டிருந்த இரும்புக் காலிப்பர் தெரியும்படி நாற்காலியைத் திருப்பி உட்காரச் சொன்னார். என்னை எதற்காக எடுத்தார்கள் என்ற சந்தேகம் அன்றைக்கே வந்துவிட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தர வேண்டும் என்ற கொள்கையைத் தொழிற்சாலைகள் எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நிதி கொடுத்தது. ஹெப்பகோடியில் சுவிட்ச் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் எச்.ஆர். அதிகாரி பதினொரு பேர் கொண்ட பட்டியலைத் தந்தார். கேன்டீன் மூலையில் மேசை போட்டு ஒவ்வொருவராகப் பேசினேன். முதல் ஐந்து பேரும் "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றார்கள். ஐந்தாவது ஆள் அதைச் சொல்லும்போது வாசலில் நின்ற அதிகாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆறாவதாக வந்தவர் நாற்பது வயதுப் பெண். வேகமாக நடந்து வந்தார். நான் தணிந்த குரலில் பேசியதுகூட அவருக்குக் கேட்டது. வலது கையை மட்டும் கோட் பையிலேயே வைத்திருந்தார். பொய்ச் சான்றிதழ் என்று நினைத்தேன். என் ஊனச் சான்றிதழுக்காக அலைந்தபோது டாக்டர்கள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்த அதே பார்வையை நானும் பார்த்தேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"உங்களுக்கு என்ன ப்ராப்ளம்க்கா? கண்ணா, காதா?"

"எனக்கா? யார் சொன்னது?"

"லிஸ்ட்ல பேர் இருக்கே."

பட்டியலைத் திருப்பிக் காட்டினேன். கன்னடத்தில் இருந்த தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். "விகலசேதனரு... ஊனமானவங்களா? நானா?" கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி இல்லை.

"இங்க சேர்றப்ப பத்து விரலும் இருந்துச்சு. ப்ரெஸ் மெஷின்ல போச்சு. இன்சூரன்ஸுக்குன்னு கைய போட்டோ எடுத்தாங்க, நாலு பேப்பர்ல சைன் வாங்கினாங்க. இந்த லிஸ்ட்ல சேர்க்கத்தானா?" பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீ யாரு? கம்பெனி ஆளா?"

"இல்லக்கா. பாருங்க, என் காலும் இப்படித்தான்." காலிப்பரைக் காட்டினேன்.

"கால் இப்படி இருக்கறவங்களத்தான் அனுப்புவாங்க. அப்பதான நாங்க வாயத் தொறப்போம்."

காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். மீதி ஐந்து பேரில் இன்னும் இருவருக்கு அதே மெஷினில் விரல் போயிருந்தது.

அலுவலகத்தில் தலைவி என் படிவங்களை நிதானமாகப் படித்தார். "ஊனம் எப்படி வந்ததுன்னு நம்ம ஃபார்ம்ல கேள்வியே இல்லையே" என்றார்.

"கேள்வி இல்லன்னா நடக்கலன்னு ஆயிடுமா மேடம்?"

"கம்பெனிக்காரங்க உள்ள விடலன்னா ஸ்டடி கிடையாது. ஸ்டடி இல்லன்னா ஃபண்ட் கிடையாது. உன் வேலையும் அதுலதான் இருக்கு." கோபமில்லாமல்தான் சொன்னார். பிற குறிப்புகள் என்ற இடத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். அறிக்கையின் வரைவு வந்தபோது பதினொரு பேர், பெரும்பாலோருக்குத் திருப்தி என்றிருந்தது. என் குறிப்பைக் காணோம். கேட்டதற்கு, அது தனி இணைப்பாக வரும் என்றார் தலைவி.

ஒரு சனிக்கிழமை ஷிப்ட் விடும் நேரத்தில் ஹெப்பகோடிக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கூட வந்தவர்களை முன்னால் போகச் சொன்னார்.

"என் பேர எழுதினியா?"

"இல்லக்கா. ஆறாம் நம்பர்னு மட்டும்தான்."

"லிஸ்ட் குடுத்ததே அவங்க. ஆறாம் நம்பர் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. "குறிப்ப எடுத்துடட்டுமாக்கா?"

"வேணாம். நம்பர எடு. மூணு பேருக்கு இங்கதான் விரல் போச்சுன்னு மட்டும் எழுது."

நின்றிருந்த பைக்கின் சீட்டில் தாளை வைத்து, அவர் சொன்னபடியே எழுதினேன். அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு நீ எழுதவே இல்லன்னு சொல்லிட்டா?" என்றார்.

திங்கட்கிழமை அலுவலகக் கோப்பிலிருந்து பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். அதற்குள் பழையதை யாராவது நகல் எடுத்திருப்பார்களோ என்ற பயம் பல நாள் இருந்தது.

அடுத்த வருடத்துக்கும் நிதி வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூப்பிட்டபோது, ஊனம் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு ஏற்பட்டதா என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். தலைவி பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு சரி என்றார்.

புதுப் படிவத்தில் அந்தக் கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விருப்பப்பட்டால் மட்டும் பதில் சொல்லலாம் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அந்தப் பதில்கள் அறிக்கைக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.