அக்காவின் ஒப்பாரியும் என் சொலேயாவும்

பெங்களூரில் வேலை பார்த்தபோது, ஆபீஸ் முடிந்ததும் ஃபிளமெங்கோ வகுப்புக்குப் போவேன். ஸ்பெயின் நாட்டு ஆட்டம். உடம்பைக் குறைக்கத்தான் சேர்ந்தேன். உடம்பு குறையவில்லை, பைத்தியம்தான் பிடித்தது. அதில் எத்தனையோ வகை. குதூகலத்துக்கு அலெக்ரியாஸ், கேலிக்கும் கும்மாளத்துக்கும் புலேரியாஸ், தனிமைத் துயரத்துக்குச் சொலேயா. எனக்கு ஒட்டிக்கொண்டது சொலேயா. அவசரமே தெரியாத தாளம் அது.

டீச்சர் ஒன்றை விடாமல் சொல்வார்: இதில் பாட்டுதான் மூத்தது, ஆட்டம் அதற்குப் பிறகு. பாடுகிறவர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துப் பார்த்துப் பாட வேண்டும். செல்போனில் ஓடும் பாட்டுக்கு உங்கள் காலைத் தெரியாது என்பார். ஒரு நாள், ஸ்பெயினில் புனித வாரச் சப்பரம் தெருவில் வரும்போது மாடியில் நின்று பாடும் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய வெள்ளியன்று எங்கள் ஊர்க் கோயிலில், ஏசுவைப் பறிகொடுத்த மாதாவின் புலம்பலை ஒப்பாரியாக அக்கா தொண்டை கிழியப் பாடுவாளே, அதே குரல். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அக்கா பாட, நான் ஒரு தடவை ஆட வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு, பெரியகுளத்துப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்தேன். மொட்டை மாடியில் பிளைவுட் பலகை போட்டு, அடியில் ஆணி அடித்த ஷூவோடு ஆடுவேன். கட்டில் செய்ய ஆள் வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். அக்கா வீடு அடுத்த தெருவில்தான். போய்க் கேட்டேன். புதுப் பாட்டெல்லாம் வேண்டாம், ஒப்பாரியே போதும் என்றேன். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"ஆரும் சாகாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியா? மொதல்ல வாயக் கழுவு."

எழவு வீட்டையும் பெரிய வெள்ளியையும் விட்டால் எங்கள் பக்கம் ஒப்பாரிக்கு வேறு இடம் கிடையாது. வீட்டில் சும்மா முணுமுணுத்தாலே சாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி. ஸ்பெயினில் நாலு பேர் கூடிக் குடிக்கிற இடத்திலும் துக்கத்தைப் பாடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அப்படியானால் அங்கேயே போய் ஆடு என்றாள். இப்படியொரு குரலைப் பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு எரிச்சல். நான் கேட்பதை விடவில்லை, அவளும் மறுப்பதை விடவில்லை.

போன வருஷம் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அக்கா பாடினாள். ஒரு வரியை இழுப்பாள், உடைப்பாள், மூச்சுக்கு நிறுத்துவாள், மறுபடி எடுப்பாள். நான் கேட்ட குரல், நான் கேட்ட நிதானம். சேலைக்குள் என் கால் தானாகத் தரையைத் தட்டியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பெண்கள் போதும் போதும் என்று தடுத்தும் அக்கா நிறுத்தவில்லை. சாமியார் வந்து ஜெபத்தைத் தொடங்கிய பிறகுதான் ஓய்ந்தாள்.

அதன் பிறகு அவளைப் பாடச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கும் அவள் பாடவில்லை, குரல் எழும்பவில்லை என்று சொல்லிவிட்டாள். ஷூவைப் பரணில் தூக்கிப் போட்டேன். அந்தப் பாட்டைக் கேட்டதற்கு ஈடாக மச்சானைக் கொடுத்தோமோ என்றுகூட மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

போன மாதம் இருவரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். மாடியில் சத்தமே காணோமே என்றாள். ஆடுவதை விட்டுவிட்டேன் என்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு ஒன் காலு தட்டுனதப் பாத்தேன். ஒன் ஆட்டம்னா ஒன் மச்சானுக்கு உசுரு, ஒங்க வாசல்ல நின்னு சத்தத்தக் கேட்டுட்டு வருவாக. நீ எந்திரிச்சு ஆடுவன்னுதேன் விடாமப் பாடுனேன்."