காதில் பஞ்சு வைத்த கண்டக்டர்

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு வந்தேன். அம்மா கொடுத்த சேவல் ஒன்றும் என் மடியிலேயே பஸ்ஸில் வந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் தனியாக இருந்தார். பயணிகளோடு மல்லுக்கட்டி அலுத்தவர். இனி மனிதக் குரலே வேண்டாமென்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து பேசினால், சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று தலையாட்டுவார்.

அதுவே வினையாயிற்று. பஞ்சு குளிருக்கென்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் ஊரில் வேறு யார்? மாமியார் கொடுமை, பங்காளித் தகராறு எல்லாம் அவர் வாசலுக்கு வந்தது. பக்கத்துச் சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற ஒருவர், அந்தத் தலையாட்டலை நம்பி மகளுக்கு மாப்பிள்ளையே முடிவு செய்துவிட்டார்.

எங்கள் சண்டை சேவலால் வந்தது. விடிவதற்கு முன்பே அது ஜன்னலடியில் நின்று கூவும். குழம்பு வைக்கச் சொன்னார் என் கணவர். நான் மாட்டேன் என்றேன். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய் அவரிடம் முறையிட்டோம்.

"அறுக்கச் சொல்லிட்டாரு அண்ணன்," என்றார் கணவர்.

"எங்கிட்ட வளக்கச் சொல்லி தலையாட்டினாரே."

நேரில் கேட்டுவிடுவோம் என்று சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். கணவரும் பின்னாலேயே வந்தார். நான் குனிந்து பேசும்போது, தீனி என்று நினைத்ததோ என்னவோ, சேவல் எட்டி அவர் காதுப் பஞ்சைக் கொத்தி உருவிவிட்டது. உருவிய வேகத்திலேயே காதருகில் கூவியும் வைத்தது.

அவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "இன்னாம்மா வேணும் உங்களுக்கு?"

"நீங்க சொன்ன தீர்ப்புதாண்ணா. அறுக்கறதா, வளக்கறதா?"

"நான் எப்ப தீர்ப்பு சொன்னேன்?"

"தலையாட்டினீங்களே."

"நீங்க போவணும்னு ஆட்னேன்." மிச்சமிருந்த பஞ்சையும் பிடுங்கி என் கணவர் கையில் திணித்தார். "இத்த காதுல வச்சிக்கினு தூங்குப்பா. சேவல வுட்டுடு."

கணவர் பஞ்சைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். "அப்ப சிங்கவரத்துக் கல்யாணம்?"

"எந்தக் கல்யாணம்?"

சொன்னோம். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு சைக்கிளிலேயே மாப்பிள்ளையை விசாரிக்கக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் தொங்கிய தலையோடு திரும்பினார்.

"இன்னாண்ணா, பையன் மோசமா?" என்று பதறினேன்.

"தங்கமான பையன். பேச்சுதான் ஓயல. மத்தியானம் பூரா பேசிட்டான்."

கல்யாணத்துக்கு எங்களோடு அவரும் வந்தார். சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்ததுமே பெண்ணின் அப்பா ஓடிவந்து, இரண்டாவது மகளுக்கும் வரன் வந்திருக்கிறது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பெருமூச்சு விட்டு, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "பையன் இன்னா வேலை செய்றான்?"