ஆகிலா கையெழுத்திடாத கட்டடம்

கலாநிதி ஆகிலா சரீப் வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து ஊருக்குத் திரும்பியபோது, அவருக்கு அங்கே ஏதோ சிக்கல் நடந்திருக்க வேண்டும் என்றுதான் கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் பாதிப்பேர் நினைத்தார்கள். கொழும்பில் வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கிழக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றபடி கட்டடங்களை எப்படிக் கட்டுவது, ஊருக்குள் நாம் இழுக்கிற மூச்சில் என்னென்ன கலந்திருக்கிறது என்பவைதான் அவருடைய துறை.

"கொழும்புக் காத்த அளக்க எத்தினையோ பேர் இரிக்காங்க. நம்மட காத்த இதுவரைக்கும் ஆரும் அளந்ததில்ல" என்பதுதான் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன ஒரே பதில்.

அப்போது அதே பீடத்தில் நான் உதவி விரிவுரையாளர். காற்றை அளக்கும் பெட்டிகளை மரங்களிலும் கம்பங்களிலும் கட்ட ஏணி பிடித்தவனும் நான்தான். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை பிரதான வீதியோரமாகக் கட்டிக்கொண்டு போனோம். உள்ளங்கை அகலப் பெட்டி. அதற்குள் காற்றிலுள்ள புகைத்துகளை அளக்கும் கருவி. அது உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய காலம். வயர் நீட்டிக்கொண்டிருக்கிற எந்தப் பெட்டியையும் எங்கள் ஊர்களில் யாரும் சும்மா பெட்டியாகப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் இரண்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். பொலிசிலிருந்தும் அழைப்பு வந்தது.

ஆகிலா போனார். பெட்டியொன்றை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார். பிறகு பொறுப்பதிகாரியின் அறைக் காற்றையே அளந்து, வெளியே ஓடுகிற ஜெனரேட்டரின் புகை முழுவதும் அவருடைய ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் எல்லாப் பெட்டிகளிலும் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி மறுபடி கட்டச் சொன்னார்.

"மெடம், நம்பர் போட்டா கண்டவனெல்லாம் கோல் எடுப்பான்" என்றேன்.

"எடுக்கட்டும் றிம்சான். நான் என்ன களவா செய்றன்?"

எடுத்தார்கள். ஏசியவர்களே அதிகம். ஆனால் தங்கள் தெருவிலும் ஒன்று கட்டித்தரச் சொல்லிக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

சில மாதங்களின் அளவுகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது இரண்டு இடங்கள் நல்ல சிவப்பாகத் தெரிந்தன. ஒன்று, குப்பை கொட்டி எரிக்கப்படும் வெளி. மற்றது, சாய்ந்தமருதில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் இருந்தது அவருடைய வாப்பாவின் பேக்கரி.

சரீப் காக்காவின் பாணுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. பாண் சுடுவது விறகு எரிக்கும் போறணையில். பக்கத்து வீட்டுக் கூரையைவிடத் தாழ்ந்த புகைபோக்கி. அந்தப் புள்ளியை மட்டும் விட்டுவிடலாமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வேற ஆள்ட போறணையா இரிந்தா விட்டிருப்பமா?" என்று கேட்டார். வரைபடம் அப்படியே வெளியானது.

அன்று வீட்டில் வாப்பா சோறு தின்னவில்லை.

"நீ படிச்சது இந்தப் போறணையாலதான். அதுக்கே கரி பூசிட்டாயே."

"கரிய நான் பூசல்ல வாப்பா. பக்கத்து வீட்டு ராத்தா ராவெல்லாம் இருமுறது ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

ஒரு மாதம் வாப்பாவும் மகளும் கதைக்கவில்லை. அந்த மாதம் முழுவதும் ஆகிலா போறணைக்குத் திருத்தம் வரைந்துகொண்டிருந்தார். கடைசியில் புகைபோக்கி உயர்ந்தது, காற்று நுழையும் வாய் மாறியது, விறகும் புகையும் குறைந்தன. பாண் வாங்க வந்தவர்களிடம் சரீப் காக்கா, இதெல்லாம் தன் சொந்த யோசனை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் அவருடைய பெயரை உரத்துச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகு வந்த ஒரு கட்டட விவகாரத்தில்.

கல்முனைப் பக்கம் ஒரு பெண்கள் பாடசாலைக்கு வெளிநாட்டுக் கொடையாளர்கள் மூன்று மாடி வகுப்பறைத் தொகுதி ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதுவும் மேற்குப் பார்த்தது. கச்சான் என்கிற மேல்காற்று அனலாய் அடிக்கிற மாதங்களில் பின்னேர வெயில் நேரே வந்து விழுகிற திசை. எல்லா ஜன்னல்களும் திறக்க முடியாதபடி இறுக்கிப் பொருத்தியவை. அறைக்கு அறை ஏசி. மொட்டை மாடியில் சூரியத் தகடுகளும் சில பூச்சட்டிகளும் இருந்ததால் வாசலில் 'பசுமைக் கட்டடம்' என்று பலகை தொங்கியது. அந்தப் பெயரை உறுதிசெய்ய ஒரு நிபுணரின் கையெழுத்து வேண்டுமென்று கொடையாளர்கள் கேட்டிருந்தார்கள்.

கட்டடக் குழுவின் தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார். சரீப் காக்காவின் நெடுநாள் கூட்டாளி. "நம்மட புள்ள இரிக்கக்குள்ள வெளியாள் என்னத்துக்கு?" என்று ஆகிலாவையே கூப்பிட்டார்.

ஆகிலா பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே வகுப்புகளில் கருவிகளை வைத்து அளந்தார். பிறகு கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஹாஜியார் வீட்டுக்கே வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"மகள், திறப்பு விழாவுக்கு ஆள் எல்லாம் சொல்லியாச்சு. ஒரு கையெழுத்துத்தானே?"

"சாச்சா, அந்த ஏசி உள்ளுக்க இரிக்கிற காத்தத்தான் குளிராக்கித் திரும்பத் தருது. வெளிக்காத்து ஒரு பொட்டும் வாறல்ல. நாப்பது புள்ளைகள் விட்ட மூச்சையே நாப்பது புள்ளைகளும் திருப்பி இழுக்குதுகள். தல சுத்தாம என்ன செய்யும்?"

"அத மறுகா பார்ப்பம். இப்ப நீங்க போட்டுத் தாங்க."

"ஜன்னல வெட்டித் திறங்க. வெயிலுக்கு மறைப்புப் போடுங்க. அண்டைக்கே வந்து போட்டுத் தாறன்."

ஹாஜியார் சரீப் காக்காவைப் பார்த்தார். சரீப் காக்கா கூரையைப் பார்த்தார். "புகை, காத்து விசயத்தில அவட பேச்சில நான் தலையிடுறல்ல" என்றார். ஹாஜியார் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

பிறகு நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். வேறு எங்கிருந்தோ ஒரு கையெழுத்து வந்தது. விழா நடந்தது. பீடாதிபதி ஆகிலாவைக் கூப்பிட்டு, சமூகத்தோடு அனுசரித்துப் போகத் தெரியாதவருக்கு நிர்வாகப் பொறுப்புக் கொடுப்பது சிரமம் என்றார். முறைப்படி அவருக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவி இன்னொருவருக்குப் போனது. ஒரு பெண் ஏணியும் ஆம்பிளைகளுமாகத் தெருவில் நிற்கிறாள் என்ற கதையும் அதே கிழமையில் பரவியது.

"இவ்வளவும் நடந்தும் நீங்க ஒண்டும் சொல்லல்லயே மெடம்" என்றேன்.

"சொல்லுவன். இன்னும் அந்தக் கட்டடத்துக்க புள்ளைகள் இரிக்கிதுகள்தானே."

கச்சான் உக்கிரமான நாளொன்றில் மேல்மாடியில் இரண்டு மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். பாடசாலை அதிபர் றஹீமா பெற்றோர் கூட்டம் கூட்டினார். அதே தொகுதியின் மண்டபத்தில், ஹாஜியாரும் குழுவினரும் மேடையில் இருக்க, ஆகிலாவையும் பேசக் கூப்பிட்டார். அதற்கு றஹீமாவுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மண்டபம் நிறைந்துவிட்டது. கதவுகளை அடைத்து ஏசியைப் போட்டார்கள். கூட்டம் தொடங்குமுன் ஆகிலா ஒரு சிறிய கருவியை மேடையோர மேசையில் வைத்து, அதன் எண் திரையில் பெரிதாகத் தெரியும்படி இணைத்தார்.

"இது இந்த அறையில இரிக்கிற காபனீரொட்சைட்டு, நாம வெளிய விடுற மூச்சில வாற வாயு. வெளியில நானூறு சொச்சம். வகுப்புக்குள்ள ஆயிரத்தத் தாண்டினா காத்து போதாது எண்டு அர்த்தம். நான் கடைசியா கதைக்கிறன். முதல்ல ஹாஜியார் கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஹாஜியார் நல்ல பேச்சாளர். கொடையாளர்களின் பெருந்தன்மை, குழுவின் உழைப்பு, இன்றைய பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வந்து மயங்குவது என்று விரிவாகப் பேசினார். அவருக்குப் பின்னால் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஆயிரத்தைத் தாண்டியபோது முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆயிரத்து ஐந்நூறானபோது ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்குக் கிட்டப் போனபோது யாரும் ஹாஜியாரைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அவருடைய தலைக்கு மேலேதான். குழுவில் ஒருவர் மேடையிலேயே கொட்டாவி விட்டார்.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அல்லாவுக்காக அந்த ஜன்னலயாவது திறங்க மனே!"

"திறக்கேலாது" என்றார் ஆகிலா, உட்கார்ந்தபடியே. "அதைத்தான் நான் ஒரு வருசமா சொல்றன்."

மண்டபத்தில் சிரிப்பும் சத்தமும் ஒன்றாகக் கிளம்பின. குழுவில் இன்னொருவர் ஒலிவாங்கியைப் பறித்தார். "பொம்புளப் புள்ள ஒண்டு இத்தினை பெரியவங்கள வெச்சி இப்புடிப் பகிடி பண்ணலாமா?"

ஆகிலா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க இஞ்ச முக்கால் மணித்தியாலம் இரிந்திருக்கீங்க. ஒங்களுக்குத் தல வலிக்கிது, எனக்கும் வலிக்கிது. இந்தப் புள்ளைகள் காலையில இரிந்து பின்னேரம் வரைக்கும் இரிக்கிதுகள். பகிடி பண்ணினது நானா, இதுக்குப் பசுமை எண்டு பேர் வெச்ச ஆக்களா?"

கதவுகளைத் திறந்தார்கள். வெளியே அடித்த அனல் காற்றைக்கூடச் சனங்கள் ஆவலோடு இழுத்தார்கள். மயங்கி விழுந்தவர்களில் ஒருத்தியின் உம்மா றிபா மேடைக்குப் போய், ஜன்னல் வெட்டும்வரை மேல்மாடிக்குத் தன் மகளை அனுப்ப மாட்டேன் என்றார். அடுத்த திங்கட்கிழமை மேல்மாடி வகுப்புகள் காலியாகக் கிடந்தன. பிள்ளைகள் பழைய ஓட்டுக் கட்டடத்திலும் மரத்தடியிலும் இருந்து படித்தார்கள்.

நோன்பு வருமுன் ஜன்னல்கள் வெட்டப்பட்டன. எதிர்ச்சுவரிலும் துவாரங்கள் வைத்தார்கள். பகலில் கடற்காற்று அறைக்குள் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறியது. மேற்குக் கண்ணாடிக்குச் சீமெந்து மறைப்புகள் வந்தன. எல்லாம் முடிந்த பிறகு ஹாஜியார், இந்த முறை ஆகிலாவின் கையெழுத்தே வேண்டுமென்று பசுமைச் சான்றிதழ்க் கடுதாசியை அனுப்பி வைத்தார். ஆகிலா மறுபடி அளந்தார். கீழ்மாடியில் இரண்டு அறைகள் இன்னும் சரியில்லை என்று, கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பினார். அந்த இரண்டும் இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன. பலகையும் தொங்குகிறது.

அவருக்குத் துறைத் தலைவர் பதவி கிடைக்கவில்லை. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம் ஏதேதோ காரணம் காட்டி இழுபடுகிறது. வேறு பல்கலைக்கழகமொன்று கூப்பிட்டது, போகவில்லை. இப்போது அவருடைய மாணவர்கள் வீடு வரைகிறபோது முதலில் கேட்பது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான். அது எனக்குப் பெரிய விசயமாகத் தெரிகிறது. அவருக்கு அது போதாது.

குப்பை வெளி இன்னும் எரிகிறது. அங்கே எரிப்பதேயில்லை என்று பொறுப்பான அலுவலகம் எழுத்தில் தெரிவித்தது. அந்த வெளியோரம் நாங்கள் கட்டிய பெட்டியை யாரோ கொளுத்திவிட்டார்கள். ஆகிலா பக்கத்திலுள்ள வீடுகளுக்குப் போய்க் கதைத்தார். இப்போது எட்டு வீட்டுக் கூரைகளில் பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றையும் அந்தந்த வீட்டுப் பெண்களே காவல் காக்கிறார்கள். காலையில் எழுகிற புகையின் அளவு உடனுக்குடன் ஆகிலாவின் ஓர் இலக்கத்திலிருந்து அந்த அலுவலகத்து அதிகாரிகளின் கைத்தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது.

போன மாதம் அதிகாரிகள் அந்த இலக்கத்தைத் தடைசெய்தார்கள். ஆகிலா அன்றைக்கே இன்னொரு சிம் வாங்கினார்.