பால்தம்பி விழுந்த ஆட்டம்

குல் நசார் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, கல்யாணமாகி லாஸ்பூருக்கு வந்த வாரத்தில். "என் பாலைக் குடிச்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தன் உன் புருஷன். இன்னொருத்தன் கணவாய்க்கு அந்தப் பக்கம், டேருவுல இருக்கான்" என்றார் மாமியார்.

ஷந்தூர் கணவாயின் உச்சியில் வருஷாவருஷம் நடக்கும் போலோ குதிரையாட்டத்தில் என் புருஷனுக்கு அந்தப் பால்தம்பி எப்போதும் எதிரணி. பக்கத்துக்கு ஆறு பேர், நடுவர் கிடையாது. ஆளுக்கு ஒரே குதிரை, நடுவில் மாற்ற முடியாது. முதலில் ஒன்பது கோல் அடித்த பக்கம் ஜெயிக்கும். அவர் விழுந்த வருஷம் ஆட்டம் எட்டுக்கு எட்டு என்று நின்றது. நானும் நாத்தனார் ஸர்பானுவும் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஸர்பானு, உங்க அண்ணன் குதிரை மூக்கைப் பாரு. ரத்தம்."

"பாத்துட்டேன். பேசாம இருங்க அண்ணி."

அந்த உயரத்தில் குதிரைக்கு நெஞ்சு வெடிக்கும். ஓடுகிற ஓட்டத்திலேயே சரியும். என் சித்தப்பா அப்படிச் சரிந்த குதிரைக்கு அடியில்தான் செத்தார். ஆனால் அடிபடாமல் இறங்கியவனை ஊர் ஆம்பளையாக மதிக்காது. என் புருஷன் மிர்ஸா பனா இறங்கமாட்டார்.

அவரும் குல் நசாரும் எங்கள் மேட்டை ஒட்டிப் பாய்ந்து வந்தார்கள்.

"அண்ணே, இறங்கு! குதிரை போயிரும், நீயும் போயிருவ!"

"பயமாயிருந்தா நீ இறங்குடா, பால்குடி!"

குல் நசார் சேணத்தின் மிதிவளையங்களிலிருந்து கால்களை உருவினார். யாரும் அவரை இடிக்கவில்லை. அப்படியே சரிந்து விழுந்தார். பின்னால் வந்த குதிரையின் குளம்பு அவர் வலது தோளில் இறங்கியது. ஆட்டத்துக்காக அடித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது. ஸர்பானுவின் நகம் என் கையில் புதைந்திருந்தது.

ஒரு பக்கத்தில் ஒருவன் அடிபட்டுப் போனால், மறுபக்கமும் ஒருவனை வெளியே அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்துத் தலைவர் யோசிக்கவேயில்லை.

"மிர்ஸா, நீ போ. உன் குதிரையால நிக்கவே முடியல."

தலைவர் சொல்லி இறங்கினால் அவமானமில்லை. என் புருஷன் இறங்கி, குதிரையை நாலடி நடத்தினார். குதிரை முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. டேருக்காரன் ஒருவன் குல் நசாரைத் தூக்கும்போதே கத்தினான்: "வெறும் புல்லுல எப்படிடா விழுந்த? அம்மா பால் ஞாபகம் வந்துச்சா?"

"குதிரை வழுக்கிருச்சு" என்றார் அவர். இன்றுவரை அதையேதான் சொல்கிறார். அதன் பிறகு டேரு அணியில் அவரைச் சேர்க்கவில்லை.

இப்போது குல் நசார் டேருவில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். வலது கை தோளுக்கு மேலே எழாது.